பீடியிலிருந்து பீடி

எண்பதுகளில் ஒரு காலை, தாபோடியில் லோக்கல் ரயில் ஏறிய தமிழ்த் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கணவருக்கு மறுநாள் நெஞ்சில் ஆபரேஷன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. திடீரென்று மனைவி கேட்டாள்:

"ஏங்க, அடுத்த ஜென்மத்துலயும் நீங்கதானே என் புருஷன்?"

"என்கூட வேலை பாக்கற காம்ளே புத்த விகாருக்குக் கூட்டிட்டுப் போனான்ல, அங்க இருக்கற பிக்கு, பந்தேஜி, வேற மாதிரி சொன்னாரு. செத்தா மறுபிறவி உண்டாம். ஆனா பொறக்கறது நானும் இல்லியாம், வேற ஆளும் இல்லியாம்."

"அப்புறம் அது யாரு?"

"ஒரு பீடியிலேருந்து இன்னொரு பீடியைப் பத்த வெக்கறோம்ல? நெருப்பு தொடருது, ஆனா பீடி வேற."

"டாக்டர் பீடியை விடச் சொன்னாரு. பேச்சுலகூட விட மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ அவனுக்கு என்னைத் தெரியாது, இல்ல?"

"தெரியாது." சற்று யோசித்தார். "நீ கோவிச்சுக்கிட்டா எப்படிப் பேசணும்னு அவனுக்கு யாரு சொல்லித் தர்றது? சரிப்படாது. நானே திரும்பி வந்துடறேன்."

சிவாஜிநகர் வந்தது. அவர் குனிந்து பையை எடுக்கப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"கனம் தூக்கறதெல்லாம் திரும்பி வந்தப்புறம்."