நாப்பத்தோரு வெள்ளக்கொடி

...ஆமைக்கு இருக்குற மரியாத இங்க ஆளுக்கு இல்ல மேடம்! பதினாறு வருசமா இந்தப் பட்டாளத்து மைதானத்துல புல்லறுக்குறேன். இவங்க சுட்டுப் பழகுறப்ப காஞ்ச புல்லு பத்திக்கக் கூடாதுன்னுதானே எங்கள வெச்சாங்க? இப்ப என்னடான்னா, "சாராளு, இந்த வருசம் ஆளே வாணாம்"ங்குறாரு ஆபீசரு. பத்துப் பொம்பளைங்க வயித்துல அடிச்சாச்சு. கம்பெனிக்குப் போலாமுன்னா, இந்த வயசுல ஓசூர்ல எவன் கேட்டுக்குள்ள உடுறான்?

நீங்க ஆமை எண்ணத்தானே வந்திருக்கீங்க? அட, நெழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க... காய்ச்சுன தண்ணிதான், பயப்படாதீங்க.

ஆபீசரு நல்ல மனுசன், குத்தம் சொல்ல மாட்டேன். கார்த்திகைல ஒரு படம் காட்டுனாரு, முதுகெல்லாம் நட்சத்திரம் போட்ட ஆமை. இது முட்ட வெச்ச எடத்துல வெள்ளக்கொடி நடு, சுத்தி இருபதடி புல்லத் தொடாதேன்னாரு. அவரு இந்தில சொன்னாரு, எங்ககூடப் புல்லறுக்குற மங்கம்மா தெலுங்குல சொன்னா, நான் தமிழ்ல புரிஞ்சிக்கிட்டேன்.

பள்ளத்துப் பக்கம் இருக்கே கோரப்புல்லு... அப்பா! கையக் கிழிச்சுப்புடும். "அங்க ஒரு ஆமை இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்"னா சாந்தம்மா. சிரிச்சோம். மறுநா அங்க ஒரு கொடி நிக்கிது! அப்பறம் முள்ளுக்காடு, அதுக்கு ரெண்டு. பாற மேடு, அதுக்கு நாலு. ஆச்சு, நாப்பத்தொண்ணு! ஆபீசரு ஜீப்புல நின்னு பாத்தாரு பாருங்க, கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு. மொத்த மைதானமும் ஆமை எடம்னு மேலெடத்துக்கு எழுதிட்டாரு.

யாரு நட்டாங்கன்னு அப்படிப் பாக்காதீங்க மேடம்... நாந்தான். முட்டி வலி, குனிய முடியல. ரெண்டு நாளைக்கு வேல கொறையும்னு பாத்தேன், வேலையே போயிருச்சு! என் பேர எழுதிக்கோங்க: சாராள், மைக்கேல்ராஜ் சம்சாரம். என்னை வேணா நிறுத்தட்டும். மத்த ஒம்போது பேரு பேர எழுதிராதீங்க, அவளுங்களுக்கு இந்த வேல வேணும்.

என்ன மேடம், எந்திரிச்சிட்டீங்க? கொடியப் புடுங்கவா? தாராளமாப் புடுங்குங்க... அய்யய்யோ, நில்லுங்க! அந்தப் புங்கமரத்துக் கொடியத் தொடாதீங்க! அது நெசம் மேடம்! பின்னங்காலால நோண்டி, முட்ட வெச்சு, மண்ணத் தள்ளி மூடி, மேல தட்டிக் குடுத்துட்டுப் போச்சு. ரெண்டு மணி நேரம் நின்னு பாத்தேன். முட்டி வலியே தெரியல மேடம்!