ஒன்பதாம் நம்பர், வலது

"ஹலோ... ஆமா, செருப்புக் கடைதான். யாரு?... அம்மாடி, நீயா? எங்கிருந்து பேசறே?... நர்ஸோட போனா. சரி சரி. சார்ஜ் போறதுக்குள்ள சொல்லு."

கடைக்காரம்மா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசுவது மருமகள், போருக்குப் போயிருக்கும் மகனின் மனைவி. கதவை ஒட்டிய பெஞ்சில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவன், போருக்குப் போய் வலது காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து, தன் ஜோடிக்காரன் வந்தானா என்று ஒரே கேள்வியைக் கேட்பான். இன்றும் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. கொஞ்சம் இரு என்று அவனுக்குக் கையைக் காட்டினாள்.

"ம்... இழுக்காத, சொல்லு. உயிரோட இருக்கானா?... இருக்கான். சரி... இருக்கான். எந்த ஆஸ்பத்திரி?... நீ பக்கத்துலதானே இருக்கே?... ஆமா... ஆமா... ம்."

அதன்பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க, கதவில் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தாள். அதில் ஒன்று ஓரம் பெயர்ந்து தொங்கியது. கடை சாத்துவதற்குள் அதைத் தடவி ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மகனின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்று மருமகள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"எந்தக் கால் இருக்கு?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"இல்லம்மா, கோவிச்சுக்காத... அப்படி இல்ல. வாய் பழகிப்போச்சு. கடைக்கு வர்ற பசங்களை அதத்தானே கேக்கறேன். போனது எதுன்னு கேட்டா முகம் வாடிப்போயிடுது. அதனால இருக்கறது எதுன்னு கேக்கறது... ஆமா. அழு, பரவால்ல. அழுதுட்டே சொல்லு. நான் வச்சிட மாட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கண் தானாக மேல்தட்டுக்குப் போனது. எந்தச் செருப்புக் கடையிலும் ஜோடியாக வெளியே வைக்க மாட்டார்கள். ஒற்றைதான் வைப்பார்கள், யாரும் மாட்டிக்கொண்டு நடந்துவிடக் கூடாதென்று. இந்தக் கடையில் எப்போதும் வலது கால்தான் வெளியே இருக்கும். போர் வந்த பிறகு, ஒற்றை மட்டும் போதும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன் இந்தக் கண்டக்டர். ஒன்பதாம் நம்பரில் இடது காலுக்கு வாங்கினான். மிஞ்சிய வலதுக்கு ஒருத்தன் வருவான், வந்தால் அவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதைப் பெட்டியில் போட்டு மேல்தட்டில், கண்ணில் படாத மூலையில் தள்ளிவைத்தாள். மகனுக்கும் ஒன்பதாம் நம்பர்தான்.

"வலதா... வலது இருக்கு. முட்டிக்குக் கீழயா, மேலயா?... கீழ. அது நல்லதும்மா. முட்டி இருந்தா பின்னால செயற்கைக் கால் மாட்ட சுலபம்னு சொல்றாங்க... காய்ச்சல் இருக்கா?... சாப்பிடறானா?... ஏன்?... என்கிட்ட சொல்லக் கூடாதுன்னானா. ம்... அப்புறம்?... வீட்டுக்கு வராம எங்க போவானாம்?... என்ன விடுதி?... அடிபட்டவங்களை எல்லாம் வச்சிருக்கற இடமா... மத்தியானமே வண்டியா? இன்னிக்கா?"

கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை வேற கல்யாணம் பண்ணிக்கச் சொன்னானா. கிறுக்கன். நீ என்ன சொன்னே?... நல்லா சொன்னே. இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லியிருக்கலாம்... சரி, நான் சொல்றதக் கேளு. போனை அவன் காதுல வை... திரும்பிப் படுத்துக்கிட்டா என்ன, மேல இருக்கற காதுல வை. பேச வேண்டாம், கேட்டா போதும்னு சொல்லு."

அவன் போனதிலிருந்து அவள் தினமும் அவனிடம் மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை. கையில் கிடைத்ததைச் சொன்னாள்.

"டேய்... அம்மாதான்... ம். கடை இருக்குடா. ஒரு ஜன்னல் போச்சு, அட்டை வச்சு அடைச்சிருக்கேன். பக்கத்து பேக்கரிக்குக் கூரை இல்ல, ஆனா ரொட்டி போடறாங்க. உன் ரூம்ல தையல்காரர் குடும்பம் இருக்கு, அவங்க வீடு விழுந்துடுச்சு. ரெண்டு பொண்ணுங்களும் உன் கட்டில்ல குறுக்க படுத்துக்குதுங்க. நீ வந்தா கீழ படுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. நான் கேக்கவே இல்ல, அதுங்களாவே சொல்லிச்சு... சின்னதுக்கு நீ சின்ன வயசுல போட்ட செருப்புதான். உன்ன மாதிரியே இடது வலது மாத்தி மாட்டிக்கிட்டு..."

நிறுத்திவிட்டாள். ரிசீவரின் சுருள் கம்பியை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினாள்.

"இருக்கியா?... ம். மூச்சு கேக்குது. இங்க ஒருத்தர் உக்காந்திருக்காரு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. உன்னவிட ரெண்டு வயசு கூட இருக்கும். இடதுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ எடுத்தாரு. வலது என்கிட்ட இருக்கு. வாராவாரம் வந்து, ஜோடிக்காரன் வந்தானா, அக்கான்னு கேப்பாரு. வரல தம்பி, வரலன்னு சொல்லிட்டே இருந்தேன். ராத்திரி கடை சாத்தும்போது, அந்த ஷூவுக்கு யாருமே வரக் கூடாதுன்னு சாமிகிட்ட கேட்டுட்டுத்தான் பூட்டுவேன்... ம். கேட்டது கிடைக்கல. நீ கிடைச்சிருக்கே. எனக்குப் போதும்."

கண்டக்டர் தலை நிமிர்ந்தான். அவள் விரல் மேல்தட்டைக் காட்டியது. தொலைபேசிக் கம்பி அவ்வளவு தூரம் எட்டாது. அவன் எழுந்து, ஊன்றுகோலின் நுனியால் பெட்டியை ஓரத்துக்கு இழுத்து, விழாமல் நெஞ்சில் ஏந்திக்கொண்டான். மூடியைத் திறந்து, உள்ளே சுருட்டித் திணித்திருந்த காகிதத்தை உருவினான். ஷூவைச் சட்டைக் கையால் துடைத்து அவள் முன்னால் வைத்தான்.

"ஹலோ... என்ன கேட்டே? சத்தமா சொல்லு... நிறமா?... பழுப்பு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து மருமகளிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் கேட்ட கேள்வி அது.

"தெரியும்டா, உனக்குக் கறுப்புதான் பிடிக்கும். நான் என்ன பண்ணட்டும், அவருதான் முதல்ல வந்தாரு, பழுப்பை எடுத்துட்டாரு... இல்ல, மாத்தித் தர மாட்டேன். போட்டு நடந்த ஷூவ எந்தக் கடையில திருப்பி எடுப்பாங்க? வேணும்னா நேர்ல வந்து அவர்கிட்டயே சண்டை போடு... ஆமா, இங்கதான் இருக்காரு. கேட்டுட்டுதான் நிக்கிறாரு... என்ன?... லேஸா?"

மேஜை இழுப்பறையைத் திறந்து துழாவினாள்.

"இருக்கு, கறுப்பு லேஸ் இருக்கு. போட்டு வைக்கறேன். நீ அந்த வண்டில ஏறாத... ம்... ம்... வேண்டாம்னு இப்பவே சொல்லிடச் சொல்லு அவகிட்ட... சரி. சரி, ராசா. எந்த ரயில்... ஹலோ?... ஹலோ..."

போன் அணைந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு, ஷூவை மடியில் எடுத்து, பழுப்பு லேஸை ஒவ்வொரு துளையாக உருவ ஆரம்பித்தாள்.

"வந்துட்டான் தம்பி" என்றாள், முதலில் அவன் கேட்டதற்குப் பதிலாக.

கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை எதிரே இருந்த முக்காலியின் மேல் தூக்கி வைத்தான். குனிந்து தன் ஷூவின் பழுப்பு லேஸை உருவிப் போட்டுவிட்டு, இன்னொரு கறுப்பு லேஸுக்காகக் கையை நீட்டினான்.