இருபத்தொன்பது அங்குலம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று மற்ற மூன்றைவிட நூலளவு கட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. இதுவரை யாரும் சொல்லவில்லையா? ஒரு அரைமணி நேரமும் ஒரு அரமும் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள். நீங்கள் கேட்டதற்கே வருகிறேன்.

நான் வில் செய்கிறவள். மரவில்தான் வேண்டும் என்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். பிடிக்கு மேலே இருப்பது மேல் கை, கீழே இருப்பது கீழ்க் கை. இரண்டும் ஒரே மனதாக வளைய வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தால் மற்றது அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்து ஒரு நாள் முறியும். பட்டறைச் சுவரில் ஒரு கட்டை பதித்திருக்கிறேன். வில்லின் பிடியை அதில் உட்காரவைத்து, நாணில் கயிறு மாட்டி, கப்பி வழியாக இழுத்தபடி எட்டடி தள்ளி நின்று பார்ப்பேன். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இறக்கி வைத்து அங்கே மட்டும் இரண்டு சுரண்டு. மறுபடி ஏற்றி, முப்பது தடவை இழுத்துவிட்டு, மறுபடி பார்ப்பது. சுரண்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் அவசரப்படவே கூடாது. நான் எதிலும் அவசரப்பட்டதில்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். எய்கிறவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு, சுரண்டுவதெல்லாம் அங்கேதான். இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. இழுக்கும்போது முதுகின் நார்கள்தான் தாங்குகின்றன. அங்கே குறுக்காக ஒரு கீறல் விழுந்தால் அந்த வில் கதை முடிந்தது. நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருபது வருஷத் தொழில், அதில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

தம்பி பிறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மா பிரசவத்தோடு போய்விட்டாள். அப்பா அடுத்த வருஷமே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டார். அவனுக்குப் பால் காய்ச்சியதும், பல் விழுந்தபோது பல்லை வாங்கி வைத்துக்கொண்டதும் நான்தான். என்னைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் கேட்டார்கள். தம்பியும் கூட வருவான் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஏழு வயதில் அவனுக்கு முதல் வில். நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறான் என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அளந்து சுவரில் குறிப்பேன். பதினெட்டில் இருபத்தொன்பது அங்குலத்தில் நின்றது. நீளக் கை அவனுக்கு. ஐந்து முறை பதக்கம் வாங்கினான். ஐந்தும் என் வில்லால்.

அப்புறம் தையற்காரி வந்தாள். வீரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க மைதானத்துக்கு வந்தவள், பிறகு தானும் வில் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். நல்ல பெண். சிரித்த முகம். கல்யாணத் தேதி முடிவாகும் முன்பே என்னை வாய் நிறைய அண்ணி என்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி சொன்னான்.

"அக்கா, பயிற்சியாளர் வேலை கெடைச்சிருச்சு. வீடும் அவங்களே தர்றாங்க. கல்யாணம் முடிஞ்சதும் கிளம்பிருவோம்."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ஒரு நாள். நீ அடிக்கடி வந்து இரேன்."

"இங்க?"

"இங்க என்ன? அக்கா, எனக்காக ஓடி ஓடித் தேஞ்சுட்ட. இனிமேலாவது உன் வாழ்க்கையப் பாரு."

அன்பாகத்தான் சொன்னான். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது யாருடைய வாழ்க்கை என்று அவன் நினைத்திருந்தான் என்பது எனக்கு விளங்கவில்லை.  அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு பரிமாறினேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வில் செஞ்சு குடுக்கா," என்றான். "உன் கையால. கடைசி வில்."

கடைசி என்ற வார்த்தையை அவன்தான் முதலில் சொன்னான். இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

இரண்டு மாதம் வேலை செய்தேன். நான் செய்ததிலேயே அதுதான் சிறந்த வில். கடைசி வாரத்தில் கண்ணாடித் துண்டால் மயிரிழை மயிரிழையாகச் சீவினேன். சுவரில் ஏற்றி இழுத்தால் மேல் கையும் கீழ்க் கையும் ஒன்றின் நிழல் மற்றொன்று என்பதுபோல் வளைந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். சமன் இல்லாத வில்லை என் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. அதெல்லாம் முடிந்த பிறகுதான், மேல் கையின் முதுகில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, முக்கோண அரத்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் ஆழம்.

பெரிய காயம் ஏதும் படும் என்று நான் நினைக்கவில்லை. தோளில் லேசாகப் படும், பயணம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் மூன்று பழைய வில்களில் அதே மாதிரிக் கோடு போட்டுச் சுவரில் ஏற்றினேன். மூன்றும் இருபத்தேழைத் தாண்டி இருபத்தொன்பதை எட்டுவதற்குள் முறிந்தன. மூன்றாவது தடவை, இழுப்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தலையணையைக் கட்டிவைத்தேன். தலையணை கிழிந்தது. பஞ்சை அன்றைக்கே பெருக்கி அள்ளிவிட்டேன்.

கீழ்க் கையில் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். யோசிக்காமல் இல்லை. கீழ்க் கை முறிந்தால் காலில் படும். கால் ஒன்றிரண்டு மாதத்தில் ஆறிவிடும்.

கோட்டின் மேல் நூல் சுற்றினேன். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். நிறம் தையற்காரி தேர்ந்தெடுத்தது. கடையிலிருந்து நாலு நூல்கண்டு கொண்டுவந்து வில்லின்மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். "இந்த ஊதா எடுப்பா இருக்கும் அண்ணி," என்றாள். இருந்தது. முதலில் நீயே இழுத்துப் பாரம்மா என்று அவளிடம்தான் வில்லைக் கொடுத்தேன். குட்டைக் கை, இருபத்து நாலு அங்குலம்தான் இழுப்பாள். பத்து அம்பு விட்டாள். வில் அசையவில்லை. உறை தைக்கிறேன் என்று காரில் எடுத்துப்போனாள். ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்ற காருக்குள்ளேயே மறந்து வைத்துவிட்டதாக மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் தம்பி அதை எடுத்தான். நான் அவனுக்கு இடப்பக்கம் தண்ணீர்ப் புட்டியோடு நின்றிருந்தேன். வெயில் இதமாக இருந்தது. முதல் அம்பைப் பூட்டினான், மூச்சை இழுத்தான், நாண் கன்னத்துக்கு வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அவ்வளவுதான். முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். விரல்களுக்கு இடையில் ரத்தம் வந்தது. "அக்கா" என்றான். தையற்காரி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவன் கூப்பிட்டது என்னை.

வலது கண். மருத்துவர்கள் இரண்டு முறை அறுவை செய்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் தையற்காரி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"எப்படி அண்ணி ஒடிஞ்சுது? நான் இழுத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

"வெயில்ல வெச்சா மரம் காஞ்சு நொறுங்கிரும்மா. பாவம், உனக்கு எப்படித் தெரியும்?"

நான் சொன்னது அவ்வளவுதான். மரம் வெயிலில் காயும் என்பது பொய்யில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளே தம்பியிடம் போய், என்னால்தான் ஆச்சு என்று சொன்னாளாம். அவன் ஒன்றும் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கல்யாணம் நின்றது. வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒன்பது மாதம். நீங்கள் அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி யாரிடமாவது விசாரிக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றுவான், தூரம் பிடிபடாது. நான் கையைப் பிடித்து ஊற்றவைத்தேன். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வான். அவன் நடை பழகிய காலத்துக்குப் பிறகு அப்போதுதான். ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, "நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்றான். இருபத்தைந்து வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

உடைந்த துண்டுகளைத் தையற்காரி எடுத்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. தண்டனைபோல் தன் அறையிலேயே வைத்திருந்தாளாம். போன வாரம் அந்த ஊதா நூலைப் பிரித்திருக்கிறாள். துணியும் நூலும் தொட்டுப் பழகிய விரல் அல்லவா. முறிவு சிலும்பு சிலும்பாக இருந்தது. அதன் விளிம்பில் மட்டும் நேராக, வழவழப்பாக ஒரு கோடு. அதைத் தம்பியிடம் கொண்டுவந்தாள். கண்ணுக்குக் காட்டவில்லை. அவன் கையை எடுத்து, விரலை அதன்மேல் வைத்தாள்.

நான் அடுப்படியிலிருந்து வந்தபோது அவன் இன்னும் தடவிக்கொண்டிருந்தான்.

"அரம் போட்ட தடம்க்கா," என்றான்.

"ஆமா," என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. அவன் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

புகாரில் உள்ள கையெழுத்து அவனுடையதுதான், எனக்குத் தெரியும். கோடு இறங்கியிருக்கிறது பாருங்கள், ஒற்றைக் கண்ணால் போட்டது. இன்று காலை இரண்டு பேரும் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஏறியிருக்கலாம். பத்து மணி மருந்தை அவனுக்கு யார் விட்டார்கள் என்று விசாரித்தீர்களா? அவளுக்கு அளவு தெரியாது. தலையைப் பின்னால் சாய்த்து, இமையை இப்படி விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். வந்துவிடுவான். நாலைந்து நாள் போகட்டும்.

கொடுங்கள், நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. வில், கோடு, நூல், தலையணை, ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். தம்பியின் கண்ணைப் போக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதுங்கள், நடந்தது அதுதான்.