நிலவறையில் பதிவான சத்தம்

நவம்பர் 16, சனி. இன்று ஒரு சிறு தவறு கண்ணில் பட்டது. நாற்பத்தோராம் காட்சியில் ஜிபாரின் இடது மணிக்கட்டில் கட்டு, நாற்பத்திரண்டில் வலது. இப்படி மாறாமல் குறித்து வைப்பதுதான் என் வேலை. படப்பிடிப்பு முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன். பிஷ்கெக்கில் நான் படிக்கும் மாலை வகுப்பில், நாட்குறிப்பைத் தவறிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். மற்றதையும் வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் படம் மலிவானது. முகமூடிக் கொலைகாரன் ஒருத்தியை உருளைக்கிழங்கு நிலவறையில் அடைத்து வைக்கிறான். மூன்றாம் நாள் அவள் சுவரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, கதவுக் கீலைக் கழற்றித் தப்பிக்கிறாள். கொலைகாரனுக்குத் தனி நடிகர் வைக்க வசதியில்லை. பழைய கம்பளத்தை வெட்டித் தைத்த முகமூடியை நானே போட்டுக்கொண்டேன். ஜிபார்தான் கதாநாயகி. இடைவேளையில் முகமூடியின் வாய் ஓட்டைக்குள் ரொட்டித் துண்டைத் திணித்து, "கொலைகாரனுக்கும் பசிக்குமில்ல, தின்னு தைர்பெக்" என்பாள். அதை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன். படம் முடிந்ததும் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போவதாக ஒப்பனைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் என் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். அலறலை மட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்று அவளை நிறுத்திக்கொண்டேன். இயக்குநர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் நிலவறைக்குள் இறங்கினாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். ஆணியை அதற்கு முன்பே எடுத்திருந்தேன்.

முகமூடியோடு தேநீர் கொண்டுபோனபோது சிரித்தாள். "போதும்டா, சத்தமெல்லாம் எடுத்தாச்சுல்ல? வழிய விடு, கடைசி பஸ்ஸு போயிரும்."

அவள் பயப்படக் கூடாதென்று முகமூடியைக் கழற்றினேன். மாஸ்கோ வேண்டாம், என் மனைவியாக இங்கேயே இரு என்றேன். அப்போதுதான் உண்மையாக அலறினாள். முகமூடிக்குப் பயப்படாதவள் என் முகத்துக்குப் பயந்தது வருத்தம்தான்.

படப்பிடிப்பின் முதல் நாளே இயக்குநர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: அலறல் கேட்டால் ஓடி வராதீர்கள், படம். நேற்று மாலை அடுத்த வீட்டு சைரா அக்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, இன்னும் முடியலையா? அந்தப் பொண்ணுக்குத் தொண்ட கட்டிருச்சு போல. நேத்து கத்துனதுல உசுரு இருந்துச்சு. இன்னிக்கு நடிப்பு சரியில்ல."

"கொஞ்சம் பாக்கி இருக்குக்கா."

"வெந்நீர்ல தேன் கலந்து குடு. சும்மாவா கத்துறா, நல்லாக் கத்தட்டும்."

ஜிபாரின் வீட்டுக்கு வேறு செய்தி சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை அவளுடைய அண்ணன் குபாத்துக்குப் போன் செய்து, உங்கள் தங்கையைத் தூக்கி வந்துவிட்டேன், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம், ஆனால் சட்டப்படி குற்றம். அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி அங்கதான் இருந்தாளா?" என்றான்.

"ஆமாண்ணே."

"அப்ப இனி எங்கருந்து கூட்டிட்டு வர்றது? ஊரு சிரிக்கும். அம்மா அழுவுது. முறைப்படி ஆடு ஒண்ணோட வந்து மன்னிப்பு கேளு. நோஞ்சான் ஆட்ட இழுத்துட்டு வந்து வாசல்ல நிக்காத, ஆமா."

தங்கையிடம் பேச வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவைத் திறந்துகூட விட்டிருப்பேன்.

தெருவுக்கு இது படம், வீட்டுக்கு இது கல்யாணம். இரண்டு நாட்களாக ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. எல்லாம் நான் மட்டும் செய்ததாக எழுதுவது சரியா என்று தெரியவில்லை. பூட்டியது நான்.

இன்று மதியத்திலிருந்து சத்தம் இல்லை. இறங்கிப் பார்த்தேன். காலையில் வைத்த தேநீர் குடிக்காமலே பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. மூலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன் அது மரியாதையில்லை.

நாளை: எட்டு மணிப் பேருந்தில் சந்தைக்குப் போக வேண்டும். கொழுத்த ஆடு ஒன்று, மணப்பெண்ணுக்கு வெள்ளை முக்காடு ஒன்று. அங்கிருந்து அவள் வீட்டுக்கு, மன்னிப்புக் கேட்க. கிளம்பும் முன் நிலவறைப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டும்.