மால்ட்டாவில் செருப்புக் காவல்

"மால்ட்டாவுக்குப் போயி செருப்புக்குக் காவல் இருந்த ஒரே ஆளு நான்தான் மாமே."

திருநின்றவூர் லோக்கலில் எதிர் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன். ஐம்பதைத் தாண்டியவர், தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். பக்கத்தில் அதே சீருடையில் நண்பர்.

"அது எங்க கீது?"

"இத்தாலிக்குக் கீழ ஒரு தீவு. ஜெர்மனில வேல செய்ற பொண்ணு ஜூன் மாசம் எங்கள இட்டுகினு போச்சி. கடலு கண்ணாடி மாறி கீது. அம்மாவும் பொண்ணும் எறங்கிட்டாங்க. பாஸ்போர்ட்டு பையில கீதே, நான் பேன்ட்டு சட்டையோட அதுகிட்டயே குந்திகினேன்."

"அப்பறம்?"

"நான் குந்தினு இருந்த தினுச பாத்துட்டு ஒரு வெள்ளக்காரன் அவன் பையையும் வெச்சிட்டுப் போனான். அப்பால அவன் புள்ளைங்க செருப்பு. கோயில் வாசல் மாறி டோக்கன் குடுக்காததுதான் பாக்கி."

"நீ எறங்கவே இல்லியா?"

"கடைசி நாளு ஊட்டுக்காரி, நான் பைய பாத்துக்கறேன், நீ போன்னா. போனேன். இந்தா, போட்டோ."

நண்பர் போனை வாங்கிப் பார்த்தார். "இன்னா மாமே, கடலுக்கு முதுகக் காட்டினு, கேமராவயும் பாக்காம நிக்கற?"

"பின்ன? அவ போட்டோ புடிச்சிகினு கீறா. பைய யாரு பாக்கறது?"