சங்க நோட்டீசின் தலையில் ஓர் உனா

முதல்ல வந்தவன் சங்கிலி கொண்டு வந்தான். அளந்தான், கடற்கரை போச்சு. ரெண்டாவது வந்தவன் தராசு கொண்டு வந்தான். நிறுத்தான், கூலி போச்சு. மூணாவது வந்தவன் போட்டோப் பெட்டி கொண்டு வந்தான். படத்துல விழுந்தவனெல்லாம் ஜெயிலுக்குப் போனான். நம்ம சங்கக் கதையை எங்க சொன்னாலும் இந்த வரிசையை மாத்திச் சொல்லாதீங்க, தோழர்களே.

நாலாவதா ஒருத்தி தூரிகையோட வந்தா.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இதே கொம்பன்துறை உப்பளத்துல கூலி கேட்டு வேலைநிறுத்தமாம். முன்னால நின்னவ மாடத்தி. போலீசுக்கு அவ பேரு தெரியும், முகம் தெரியாது. பிடிச்சா தீவாந்தரம்னு பேச்சு.

கம்பெனித் துரை, தன்னை வரையச் சொல்லி அந்த ஓவியக்காரியை வரவழைச்சிருந்தான். அவளோ துரையை விட்டுட்டு, வரப்புல உக்காந்திருந்த பொம்பளைங்களை வரைஞ்சாளாம். நடுவுல மாடத்தி.

சும்மா விடுவாங்களா? சுத்தி நின்னுட்டாங்க.

"ஏ துரைச்சாணி, உன்னை அனுப்புனது யாரு?"

கொச்சைத் தமிழ்ல சொன்னாளாம்: "நான் இங்கிலீஷ்காரி இல்லை. அயர்லாந்து. எங்க ஊரையும் அவங்கதான் பிடிச்சு வச்சிருக்காங்க."

"அப்போ வெள்ளைக்காரனுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியோ? பேரு என்னட்டி?"

"உனா."

"ஏட்டி, பேரைக் கேட்டா 'உ'ங்குற எழுத்தைச் சொல்லுதா!"

எல்லாரும் சிரிச்சாங்க. மாடத்தி சிரிக்கல. "படத்தைக் கிழி."

"மாட்டேன். நான் வரைஞ்சதுலயே இதுதான் நல்ல படம்."

புத்தியைப் பார்த்தீங்களா! ஒருத்தி உயிரைவிட ஒரு படம் பெருசு.

மறுநாள் பங்களாவுல துரை அந்தப் படத்தைப் பார்த்துட்டான். நடுவுல இருக்கிறவதான் மாடத்தியா இருக்கும்னு இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிட்டு வந்து, முகத்தை ஒத்துப் பார்க்கப் பொம்பளைங்களை வரிசையா நிறுத்தினான். பின்னாலயே உனா ஓடி வந்தா. "சாயம் காயல, கொஞ்சம் வேலை இருக்கு"ன்னு படத்தை வாங்கினா. கத்தியை எடுத்தா. சுரண்டினா. ஒரு முகத்தைச் சுரண்டினா, அடுத்த முகத்தைச் சுரண்டினா, துணி தெரியுற வரைக்கும் எல்லா முகத்தையும் சுரண்டினா. வெள்ளைத் தோலைத் தொடப் பயந்து இன்ஸ்பெக்டர் நின்னான். சுரண்டல், சுரண்டல்னு எத்தனை மேடையில பேசியிருப்பேன்! நல்லதுக்குச் சுரண்டினவ அவ ஒருத்திதான்.

"என்னம்மா இது?"

"மூக்கு சரியா வரல."

"இவங்கள்ல மாடத்தி யாரு? வாயால சொல்லுங்க."

மாடத்தி எதிர்லயே நின்னா. உனா ஏறிட்டும் பார்க்கலையாம். "எனக்கு முகம்தான் தெரியும். பேரு கேட்டுக்கல."

அன்னைக்கே அவளைக் கப்பலேத்திட்டாங்க. மனசு மாறினாளா, துரை மேல கோபமா? எனக்கு இன்னும் சந்தேகம்தான். வெள்ளைத் தோலை நான் லேசுல நம்புறவன் இல்லை. ஆனா மாடத்தி பிடிபடல. கூலி உயர்ந்துச்சு.

சங்கத்தோட முதல் நோட்டீசுல உனா பேரைப் போடணும்னாங்க. "விவரம் போட்டா அவளைத் தேடிப் போயிருவானுவ. அந்த ஒத்தை எழுத்தை மட்டும் மேல போடு"ன்னா மாடத்தி. போலீஸ்காரன் அதைப் பிள்ளையார் சுழின்னு நினைச்சு விட்டுட்டான். இன்னைக்கும் டவுன் தோழருங்க நம்ம நோட்டீசைப் பார்த்து, "சாமி இல்லேங்குற சங்கத்துக்குப் பிள்ளையார் சுழி கேக்குதோ?"ன்னு கேலி பண்றாங்க. பண்ணட்டும்.

அந்த முதல் நோட்டீசை மாடத்தி கையில குடுத்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவ. உப்பளமே எழுந்து நின்னுச்சாம். தலையில இருந்த ஒத்தை எழுத்து மேல விரலை வச்சு, அத்தனை பேரும் கேக்க வாசிச்சா:

"உனா."