வெர்லீன் அத்தையின் காலடிப் பலகை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, டாரியஸ் அண்ணனைப் பெற்ற தாயார் அவர்களே, நம் இசைக்குழுவினரே, சனிக்கிழமைதோறும் இந்த அரங்கில் ஆடிக் களித்து இன்று கறுப்பு உடையில் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

இங்கே நடனத்துக்கு அடி சொல்லும் பெண் நான். "ஜோடி மாறுங்கள், வட்டமாகச் சுற்றுங்கள்" என்று கத்திப் பழகிய குரல் இது. அழுதுகொண்டே பேசிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாஷ்வில் நகர இரவு விடுதிகளில் கணினியால் கூட்டத்தை ஆட வைத்த இசைக் கலைஞர் டாரியஸ் பீல், இந்த மலை ஊருக்கு எதற்காக வந்தார்? வெர்லீன் அத்தையின் பிடிலுக்காக வந்தார்.

முதல் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? ஆட்டம் சூடேற ஏற, பாட்டும் வேகமெடுப்பதுதானே நம் வழக்கம்? அத்தை பிடிலை விரட்டினார். அண்ணனின் கணினித் தாளக் கருவியோ தொடங்கிய வேகத்திலேயே நின்றது. பாதிப் பேர் பிடிலுக்கு ஆடினார்கள், மீதிப் பேர் கருவிக்கு ஆடினார்கள். தபால்காரர் லைல் மாமா போதகரின் மடியில் போய் விழுந்தார்.

அத்தை வில்லை இறக்கினார். "ஏம்பா, உன் பெட்டிக்கு வேர்க்கவே வேர்க்காதா?"

"நீங்கதான் அத்தை ஓடுறீங்க. அது நின்ன எடத்துலயே நிக்குது."

"நிக்கிறதுக்கு எதுக்குப்பா டான்ஸ்? வீட்லயே நிக்கலாமே."

வேறொருவர் என்ன செய்திருப்பார்? பிடிலின் ஒலியை வெட்டி ஒட்டிக் கருவியின் வேகத்துக்குள் அடைத்திருப்பார். டாரியஸ் அண்ணன் அடுத்த வாரம் ஒரு மரப்பலகையோடு வந்தார். அடியில் மைக் ஒட்டியிருந்தது. வாசிக்கும்போது தாளம் தட்டும் அத்தையின் பூட்ஸ் காலுக்குக் கீழே அதை வைத்தார். அந்தக் கால் தட்டினால்தான் கருவியின் முரசு ஒலிக்கும். கால் ஓடினால் அதுவும் ஓடும். கால் நின்றால் அதுவும் நிற்கும்.

"இனிமே நீங்கதான் அதுக்கு எசமானி" என்றார்.

"அது என் பேச்சைக் கேக்கும், நீ கேப்பியா? எலும்பும் தோலுமா இருக்க. இன்னொரு சோள ரொட்டி எடு."

போன சனிக்கிழமை அண்ணனுக்காகக் காத்திருந்தோம். கருவி இருந்தது, பலகை இருந்தது, அவருக்கான ரொட்டி மூடி வைத்திருந்தது. மலைப்பாதையில் பனி உறைந்து அவர் வண்டி சறுக்கிய செய்திதான் வந்தது. முப்பத்தோரு வயது. இதை எந்தப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வேன்?

அன்றிலிருந்து அத்தை பிடில் பெட்டியைத் திறக்கவில்லை. "அவன் இல்லாம யாருக்குடி தட்டுறது?" என்று நேற்று கேட்டார்.

இன்று காலை கருவியை இயக்கிப் பார்த்தேன். ஒலியே இல்லை. பழுதோ என்று பயந்தேன். பிறகு பலகையைப் பார்த்தேன். கருவி பழுதாகவில்லை, காத்திருக்கிறது. நான் தட்டவில்லை. அந்தப் பலகை என் காலுக்குச் செய்தது அல்ல.

அண்ணனின் தாயார் தன் மகனின் இசையை இந்த அரங்கில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாளை மெம்பிஸ் திரும்புகிறார். அம்மா, எங்கள் சனிக்கிழமைகள் நிற்காது. நான் அடி சொல்வேன், இவர்கள் ஆடுவார்கள். முதல் தட்டைத் தர மட்டும் எங்களால் முடியாது.

நண்பர்களே, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளுங்கள். நான்கு நான்கு ஜோடிகளாக நில்லுங்கள்.

அவசரமில்லை, அத்தை. நீங்கள் தட்டும் வரை நிற்கிறோம்.